கைதட்டினால் சரக்கு நகராது

விற்பனைத் தொழிலில் சில காலம் இருந்த எவருக்கும் அந்த ஹால் தெரியும். ஏதோ ஒரு ஹோட்டலின் முதல் மாடி, ஏ.சி., வாசலில் காபியும் பிஸ்கட்டும், ஆளுக்கொரு நோட்டு, கம்பெனி பெயர் போட்ட பேனா. மேடையில் காதோடு மாட்டிய மைக்குடன் ஒருவர். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்கிறார். "என்னால் முடியும்" என்று மூன்று முறை கத்தச் சொல்கிறார். பின்வரிசையில் சத்தம் போதவில்லை என்று இன்னொரு முறை. நேற்றுச் சேர்ந்த பையனும், இருபது வருடம் கடைத்தெரு நடந்து செருப்புத் தேய்ந்தவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். மாலையில் குரூப் போட்டோ, சான்றிதழ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். மறுநாள் காலை அதே கடை, அதே பாக்கி, "அடுத்த வாரம் பார்க்கலாம் தம்பி" என்கிற அதே அண்ணாச்சி.

இதைக் கிண்டல் செய்வது எளிது, பலரும் செய்கிறார்கள். கிண்டலோடு விட்டுவிடுவதால்தான் வருடா வருடம் இது நடக்கிறது. அந்த ஹாலுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது, அதை நம்புகிறவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அவர்கள் சொல்வதை அவர்கள் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். எதை விற்றாலும் விற்பனை ஒன்றுதான். சோப்பு விற்றாலும் வீடு விற்றாலும் எதிரே இருப்பவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்குப் பேச்சு வேண்டும், துணிச்சல் வேண்டும், உற்சாகம் வேண்டும். இந்த மூன்றும் எல்லோருக்கும் பொது. ஆகவே எல்லோரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து ஒன்றையே சொல்லிக்கொடுத்தால் போதும். செலவு குறைவு, பாரபட்சம் இல்லை, கம்பெனி முழுக்க ஒரே பாஷை பேசும்.

நிர்வாகிகள் இதை நம்புகிறார்கள், பயிற்றுநர்கள் நம்புகிறார்கள், சொந்தக் காசைக் கட்டி ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகும் இளைஞர்களும் நம்புகிறார்கள். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. யாருக்கு என்ன பயிற்சி என்பதை அவரவர் வேலை எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பார்க்காமல் கொடுக்கிற பயிற்சி சிலருக்குப் பயன்படாது, சிலருக்குக் கெடுதல், இன்னும் சிலருக்கு அவமானம்.

இந்தக் கொள்கைக்காரர்களிடம் பூர்வீகம் கேட்டால் அமெரிக்காவைக் காட்டுவார்கள். சரி, அங்கேயே போவோம். ஓஹியோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்று ஒரு மதுக்கடைக்காரர். வேலையாட்கள் கல்லாவில் கைவைக்கிறார்கள் என்பதுதான் அவருடைய தலைவலி. விற்பனை ஒவ்வொன்றையும் கணக்கில் ஏற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்து 1879இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தத் தொழில் கைமாறி, 1884இல் ஜான் பேட்டர்சனிடம் வந்து நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனி ஆனது. 1887இல் பேட்டர்சன் ஒரு காரியம் செய்தார். அவருடைய உறவினரும் நன்றாக விற்கத் தெரிந்தவருமான ஜோசப் கிரேன், கடைக்காரரிடம் என்ன பேசுகிறார், எதற்குப் பிறகு எதைச் சொல்கிறார் என்பதை அப்படியே எழுதவைத்துச் சிறு புத்தகமாக்கினார். மற்ற விற்பனையாளர்கள் அதை மனப்பாடம் செய்தாக வேண்டும். இன்று உலகம் முழுக்க ஓடுகிற விற்பனை வசனங்களுக்கெல்லாம் பாட்டன் அந்தப் புத்தகம்.

அது பலித்தது. ஏன் பலித்தது என்று யாரும் கேட்பதில்லை. விற்ற பொருள் ஒன்று. வாங்கியவர்கள் ஒரே ரகம், கல்லா வைத்திருக்கும் கடைக்காரர்கள். அவர்களுடைய பயமும் ஒன்றே, காசு வழியில் எங்கோ குறைகிறது என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சொற்கள் மேடைப் பேச்சாளர் யோசித்து எழுதியவை அல்ல. தெருவில் இறங்கி அதே இயந்திரத்தை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் வாயிலிருந்து எடுத்தவை. ஆக, எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதன் மூலமுன்மாதிரியே, மிகக் குறுகலான ஓர் இடத்துக்கென்று அளவெடுத்துத் தைத்ததுதான். நம் ஹால்காரர்கள் அதிலிருந்து மனப்பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அளவெடுத்ததை விட்டுவிட்டார்கள்.

அடுத்தது பேச்சு. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. வேலைக்கு ஆள் எடுக்கும்போதே "பையன் நல்லாப் பேசுறானா" என்றுதான் கேட்கிறோம். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் உண்மையிலேயே அதிகம் விற்கிறார்களா என்று ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் பார்த்தார். போனில் விற்கும் கால் சென்டர் ஊழியர்கள் 340 பேரின் மூன்று மாத விற்பனைக் கணக்கை அவர்களுடைய சுபாவத்தோடு ஒப்பிட்டு 2013இல் முடிவை வெளியிட்டார். வாயே திறக்காதவர்களும் பின்தங்கினார்கள், ஓயாமல் பேசுகிறவர்களும் பின்தங்கினார்கள். பேசவும் தெரிந்து, வாயை மூடிக்கொண்டு கேட்கவும் தெரிந்த நடுவாந்திர ஆட்கள்தான் அதிகம் விற்றவர்கள். அப்படியானால் ஏற்கெனவே அதிகம் பேசுகிற ஒருவரை அந்த ஹாலில் நிறுத்தி இன்னும் உரக்கப் பேசு, இன்னும் அடித்துப் பேசு என்று சொல்லிக்கொடுப்பது அவருக்குச் செய்கிற உபகாரமா? கூச்சப்படுகிற பையனுக்கு அதில் கொஞ்சம் பயன் இருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அது விஷம்.

"க்ளோசிங்" என்று தொழிலில் சொல்வார்களே, வாடிக்கையாளரைக் கடைசியில் சுற்றி வளைத்துச் சரி என்று சொல்லவைக்கிற வித்தை, அதற்குத்தான் வகுப்புகளில் கிராக்கி அதிகம். நீல் ராக்கம் என்ற ஆய்வாளரும் அவருடைய ஆட்களும் பன்னிரண்டு வருடக் காலம் 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கூட இருந்து கவனித்தார்கள். 1988இல் 'ஸ்பின் செல்லிங்' என்ற புத்தகமாக வந்தது. மலிவான பொருளுக்கு இந்த வித்தை ஓரளவு உதவுகிறது. விலை ஏற ஏற, அதே வித்தை விற்பனையைக் கெடுக்கிறது. கேமரா விற்கிற கடை ஊழியர்களுக்கு க்ளோசிங் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும் இப்படித்தான் ஆனது. சில்லறைச் சாமான் கொஞ்சம் கூடுதலாகப் போனது, விலை உயர்ந்த சாமானில் விற்பனை குறைந்தது. பயிற்றுநர் ஒருவர், பாடம் ஒன்று, பலன் மட்டும் எதிரும் புதிருமாக.

இதற்கு ஓஹியோவும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம். நம் ஊர்ப் பெரிய ஜவுளிக்கடை எதிலாவது பட்டுப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வருகிறது, சின்னப் பிள்ளைகளையும் சேர்த்தால் எட்டுப் பேர். கல்யாணப் பெண் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். அவள் அம்மா, யாரும் பார்க்காதபோது விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் ஓரமாக உட்கார்ந்து மோர் குடிக்கிறார், எதுவும் பேசவில்லை. தொழில் தெரிந்த விற்பனைப் பெண் மணப்பெண்ணிடம் பேசிக்கொண்டே அத்தையின் முகத்தைப் பார்க்கிறாள். அரக்கைக் காட்டினால் அங்கே அசைவு இல்லை. மயில் கழுத்து நிறத்தைப் பிரித்ததும் அத்தையின் டம்ளர் கீழே இறங்குகிறது. அடுத்த நாலு புடவையும் அந்த வரிசையிலேயே வருகின்றன. இந்த இடத்தில் "இந்த டிசைன் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மேடம், இப்பவே பில் போட்டுடலாமா?" என்று வகுப்பில் படித்த வசனத்தை யாராவது எடுத்துவிட்டால், அத்தை எழுந்து, "எதுக்கும் வேற கடையும் பார்த்துட்டு வருவோம்" என்பார். அதோடு சரி. அதே கடையின் தரைத்தளத்தில், நைட்டியும் துண்டும் விற்கிற கவுன்ட்டரில், அதே வசனம் நாளெல்லாம் பலிக்கும். ஒரே முதலாளி, ஒரே கூரை, இரண்டு மாடி இடைவெளி. இந்த இரண்டு தளத்துப் பெண்களையும்தான் ஒரே வகுப்பில் உட்காரவைக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸில் இதன் விளைவு கணக்காகவே தெரிந்துவிடுகிறது. அழுத்திப் பேசி எடுக்க வைத்த பாலிசி அந்த மாத டார்கெட்டில் சேரும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. 2024இல் அந்த அவகாசத்தை 30 நாளாக்கிவிட்டார்கள். திருப்பித் தராவிட்டாலும் அடுத்த வருடப் பிரீமியம் கட்டாமல் விட்டுவிடலாம். எத்தனை பாலிசிகள் இரண்டாம் வருடத்துக்குத் தாக்குப்பிடிக்கின்றன என்பதை 13ஆம் மாத நிலைப்பு விகிதம் என்று கம்பெனிகள் வெளிப்படையாகப் போடுகின்றன. க்ளோசிங் வகுப்பில் கைதட்டியவர்கள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டட்டும்.

புது ஏஜென்ட்டின் கஷ்டமே வேறு. சேர்ந்த முதல் ஆறு மாதம் அவருக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. சித்தப்பா, மாமா, மச்சான், பள்ளிக்கூட நண்பன், பக்கத்து வீட்டு அக்கா என்று சொந்த வட்டத்திலேயே ஓட்டிவிடுவார். அந்த வட்டம் தீர்ந்த அன்றுதான் வண்டி நிற்கும். அப்போது அவருக்கு வேண்டியது, முன்பின் தெரியாத ஒருவரை எங்கே எப்படிப் போய்ப் பார்ப்பது என்ற வழி. அதோடு, முப்பது வயதுக்காரர் ஒருவர் டேர்ம் பாலிசிக்கும் எண்டோமென்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், காகிதத்தில் கூட்டிக் கழித்துக் காட்டுகிற கணக்கு. இந்த இரண்டில் எதுவும் "உன்னை நீ நம்பு" என்ற வாக்கியத்துக்குள் இல்லை. அவர் தன்னை நம்பித்தான் இத்தனை சொந்தக்காரர்களையும் பகைத்துக்கொண்டார்.

மருந்து ரெப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் தருவது ஒரு நிமிடம், அதுவும் ஓ.பி. முடிந்து அவர் எழுந்திருக்கிற நேரம். பல கம்பெனிகளில் பேனா, டைரி, பரிசுப் பொருள் என்று அந்த ஒரு நிமிடத்தை ஓட்டினார்கள். மருந்து விற்பனைக்கான நடத்தை விதிகள் 2024 மார்ச்சில் புதிதாக வந்தபோது, டாக்டரின் சொந்த உபயோகத்துக்கான பரிசுகளுக்குத் தடை சொல்லிவிட்டார்கள். பரிசை நம்பியே காலம் தள்ளிய ரெப்புக்கு இனி அந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஆகாது, சோதனையில் என்ன தெரிந்தது என்பதை நாற்பது விநாடியில் சொல்லத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துவைத்திருக்கும் இன்னொரு ரெப்புக்கு வாயே வருவதில்லை, டாக்டர் முன்னால் நா உலர்ந்துவிடுகிறது. முதலாமவருக்குப் பாடப் புத்தகம், இரண்டாமவருக்கு ஒத்திகை. இதை மாற்றிக் கொடுத்தாலும் வீண், இரண்டு பேருக்கும் சேர்த்து ஊக்க உரை கொடுத்தாலும் வீண்.

கடலூரில் 1983இல் சிறு முதலில் தொடங்கி, சிக் ஷாம்புவை ஊர் ஊராகக் கொண்டுபோன சி.கே. ரங்கநாதனின் கதை இந்த வகுப்புகளில் அடிக்கடி வரும். "பார்த்தீர்களா, தன்னம்பிக்கை!" என்பார்கள். கிராமத்தில் அவருடைய ஆட்கள் செய்த வேலையைச் சொல்வதில்லை. பையன்களைக் கூப்பிட்டுத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, காய்ந்த முடியைத் தொட்டுப் பார், முகர்ந்து பார் என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்கள். சீயக்காயும் சோப்பும் பழகிய ஊரில் ஷாம்புவை எப்படிப் போட்டுக்கொள்வது என்பதே தெரியாது. தடை அங்கே இருந்தது, அதை எடுத்தார்கள். கடை கடையாக அலைந்து அடித்துப் பேசியிருந்தால் சரக்கு கடைக்காரர் பரணில் தூங்கியிருக்கும்.

உற்சாகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று 1885லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து எழுதிவைத்துவிட்டார். திரும்பத் திரும்பச் செய்து பார்க்காத பாடம் முதல் சில நாட்களிலேயே கரைந்துபோகிறது. பயிற்சியை எப்படி அளப்பது என்பதற்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நாலு படி சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. நம் கம்பெனிகள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. சாப்பாடு எப்படி, பேச்சாளர் எப்படி, அஞ்சுக்கு எத்தனை மார்க் என்று ஒரு தாள். மதியம் பிரியாணி போட்ட வகுப்புக்கு மார்க் குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

பழைய ஆள், புது ஆள் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் அநியாயம் அதிகம். புதிதாக வந்தவனுக்கு ஒவ்வொரு அடியையும் சொல்லித் தருவதும், எழுதிய வசனத்தைக் கொடுப்பதும் தேவை. கையில் ஒன்றுமில்லாமல் தண்ணீரில் தள்ளினால் மூழ்கிவிடுவான். அதே அடி அடியான பாடத்தைத் தொழில் கைவந்தவருக்குக் கொடுத்தால் அவருடைய வேலை கெடுகிறது. கற்றல் பற்றி ஆராய்கிறவர்கள், முக்கியமாக ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் அவருடைய கூட்டாளிகளும், இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்: துவக்கக்காரருக்கு உதவுகிற வழிகாட்டல், தெரிந்தவருக்குப் பயனற்றதாகவும் சமயத்தில் இடைஞ்சலாகவும் ஆகிவிடுகிறது. ஹாலின் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இடையிடையே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த மூத்த சேல்ஸ்மேனை ஆட்டிட்யூட் சரியில்லை என்று குறித்துக்கொள்கிறார் ஹெச்.ஆர். பெண். கடைத்தெருவில் முந்நூறு கடைக்காரரின் குடும்ப விவகாரம் வரை தெரிந்த மனிதரைக் கைகுலுக்குவது எப்படி என்ற வகுப்பில் உட்காரவைத்தால் அவர் வேறு எப்படி உட்காருவார்?

இந்த இடத்தில் சிலர் குறுக்கிடுவார்கள். "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம், ஆளுக்கேற்ற பயிற்சி வேண்டும். அதனால்தான் எல்லோருக்கும் பர்சனாலிட்டி டெஸ்ட் வைக்கிறோம்." இவர்கள் புதுக் கட்சி. நாற்பது கேள்வி கொடுத்து, நீங்கள் சிவப்பு, அவர் நீலம், இவர் கண்ணால் கற்பவர், அவர் காதால் கற்பவர் என்று பிரிக்கிறார்கள். பழைய கட்சியைவிட இவர்களிடம் எனக்குக் கோபம் அதிகம். தனித்தேவை என்ற நல்ல யோசனையை எடுத்து ராசிபலன் ஆக்கிவிட்டார்கள்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்து அதன்படி சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க ஆதாரம் இருக்கிறதா என்று ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் சேர்ந்து அலசினார்கள். இல்லை என்று 2008இல் எழுதினார்கள். நாலெழுத்தில் ஆளை அடைக்கிற பிரபலமான டெஸ்ட்டை எடுத்துக்கொண்டால், சில வாரம் கழித்து மறுபடி எழுதுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு வேறு எழுத்து வருகிறது. சித்திரையில் நீலமாக இருந்தவர் வைகாசியில் பச்சை. இந்த நிறத்தை வைத்து யாருக்கு எந்த வகுப்பு என்று தீர்மானிப்பதும், ஜாதகத்தைப் பார்த்து விற்பனைப் பகுதி பிரித்துக் கொடுப்பதும் ஒன்றுதான். ஜாதகத்துக்குச் செலவாவது குறையும்.

இரண்டு கட்சிக்கும் பிழை ஒரே இடத்தில்தான். இருவரும் ஆளைப் பார்க்கிறார்கள், ஆள் செய்கிற வேலையைப் பார்ப்பதில்லை. தோட்டத்து மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால், தொழில் தெரிந்த மெக்கானிக் வந்ததும் மோட்டாரைக் கழற்றுவதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, ஃபுட் வால்வ் பிடித்திருக்கிறதா, மூன்று ஃபேஸும் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார்.

அப்படிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு சின்ன டவுனை எடுத்துக்கொள்வோம். சோப்பு, பிஸ்கட், டீத்தூள் எல்லாம் எடுத்து நடத்துகிற ஒரு விநியோகஸ்தர். லைன் போகிற சேல்ஸ்மேன்கள் மூன்று பேர். மூன்று பேருமே தொடர்ந்து டார்கெட் தொடவில்லை. மேலிடத்திலிருந்து வருகிற தாளில் மூவருக்கும் ஒரே குறிப்பு: "பயிற்சி தேவை."

முதலாமவரோடு ஒரு நாள் நடந்தால், கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரியும். ஒரு கடையில் நின்று கேட்டால் காரணம் வந்துவிடும். "போன தீபாவளி ஸ்கீம் காசு இன்னும் வரலை. எலி கடிச்ச பிஸ்கட் பொட்டி நாலு மாசமா மூலையில கெடக்கு, எடுத்துட்டுப் போக ஆளில்லை. அதை முடிச்சுட்டு அப்புறம் ஆர்டர் பேசுங்க." கல்லாவுக்குப் பின்னால் அந்தப் பெட்டியும் இருக்கிறது, மேலே தூசி. இந்த சேல்ஸ்மேனுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். கம்பெனி க்ளெய்ம் செட்டில் செய்தால் போதும். அவர் உலகத்திலேயே சிறந்த வகுப்புக்குப் போய்வந்தாலும் அண்ணாச்சி கேட்கப்போவது அந்தப் பெட்டியைத்தான்.

இரண்டாமவர் நன்றாகப் பேசுவார், கடைக்காரர்களுக்கு அவர் என்றால் பிரியம். கடைக்குள் நுழைந்ததும் குசலம் விசாரித்து, டீ குடித்து, "என்னண்ணே வேணும்?" என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டு வருவார். அலமாரியை ஒருமுறை கண்ணால் துழாவ மாட்டார். பத்து ரூபாய் சோப்பு தீர்ந்து மூன்று நாளாகிறது. கடைக்காரருக்கே நினைவில்லை, இவரும் பார்க்கவில்லை. வாயைத் திறப்பதற்கு முன் ஸ்டாக் பார்க்கிற பழக்கம்தான் இவருக்கு வேண்டியது. அதைக் கூட நடந்து, ஒவ்வொரு கடையிலும் செய்யவைத்து, கைக்குப் பழகவைக்க வேண்டும். இவரை ஊக்க உரைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இன்னும் அதிக நேரம் குசலம் விசாரிப்பார்.

மூன்றாமவர் சுறுசுறுப்பு, கணக்கில் புலி. பழகிய கடைகளை விட்டு நகர மாட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகத் திறந்த ஏழெட்டுக் கடைகளை வண்டியில் தாண்டித் தாண்டிப் போவார். புது முகத்திடம் போய் நிற்கக் கூச்சம். ஆமாம், அந்த ஹால்காரர் சொல்கிற தைரியம் இவருக்குத்தான் தேவை. அது கத்துவதால் வராது. யாராவது ஒருவர் கூட வந்து, முதல் இரண்டு கடையில் தான் பேசிக்காட்டி, மூன்றாவது கடையில் ஒதுங்கி நின்றால் வரும்.

முதலாமவரின் கதையை மறுபடி எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஒரே-பாட வியாபாரம் பிழைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் அங்கேதான் இருக்கிறது. க்ளெய்ம் செட்டில் செய்ய வேண்டியது மேலாளர். செய்யவில்லை. டார்கெட் போடும்போது ஊரில் அறுவடை முடிந்ததா, கையில் காசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் அவர்தான். பார்க்கவில்லை. பயிற்சி நடத்திவிட்டால் இந்தக் கேள்விகள் எல்லாம் காணாமல் போகும். குறை தொழிலாளியின் மனநிலையில் இருக்கிறது, அதைச் சரிசெய்யக் கம்பெனி பணமும் செலவழித்துவிட்டது, இனியும் விற்காவிட்டால் அது அவன் தப்பு. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு வாடிக்கையாளர் முன் முகம் மலர்வது எப்படி என்று வகுப்பெடுத்த காலத்திலேயே, காலை முதல் இரவு வரை அவர்கள் உட்காரக் கடைகளில் ஒரு ஸ்டூல் கிடையாது. ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கால் கடுத்து நிற்பவளிடம் புன்னகைப் பாடம் நடத்தியவர்களில் யாராவது ஒருவர் "முதலில் இவர்களுக்கு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்" என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால் அவரை உண்மையான பயிற்றுநர் என்பேன்.

செலவு என்பார்கள். ஆளுக்கு ஆள் தனியாகப் பார்க்க யாரிடம் நேரம், யாரிடம் பணம்? நியாயமான கேள்வி போலத் தெரியும். நாற்பது பேரை ஒரு நாள் ஹாலில் உட்காரவைத்தால் நாற்பது ஆள்-நாள் விற்பனை போகிறது. ஹால் வாடகை, சாப்பாடு, பஸ் சார்ஜ், வெளியூர்க்காரருக்கு அறை, பேச்சாளர் கட்டணம் தனி. அதுவும் பெரும்பாலும் மார்ச்சில் நடக்கும், பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணத்தை வருடம் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டுமே என்று. லைனில் ஆள் ரொம்பத் தேவைப்படுகிற மாதமும் அதுதான். மறுபக்கம், ஆளோடு போய் வேலை பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஏரியா மேனேஜர் ஏற்கெனவே இருக்கிறார். ஜாயின்ட் ஒர்க் என்று மாதத்தில் பல நாள் அவருடைய டூர் புரோகிராமில் எழுதியும் இருக்கிறது. புதிதாக ஒரு பைசா ஒதுக்க வேண்டாம். அந்த நாட்களை ஒழுங்காகச் செய்தால் போதும்.

இப்போது அது எப்படி நடக்கிறது என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மேனேஜர் பெரிய கடைக்கு மட்டும் வருவார். உள்ளே போனதும் தானே பேசுவார், ஆர்டரையும் தானே எடுப்பார். வெளியே வந்து, "பார்த்தியா, இப்படித்தான் பேசணும்" என்பார். சேல்ஸ்மேன் அன்று கற்றது மேனேஜருக்கு விற்கத் தெரியும் என்பதை மட்டும். வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்று, எந்தக் கட்டத்தில் ஆர்டர் நழுவியது என்று கவனித்துவிட்டு, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிற மேனேஜர் அபூர்வம். பேசுகிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. குறைநிறை சொல்வதால் வேலை மேம்படுகிறதா என்று குளுகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பினால் கெடுதல் என்பது அவர்கள் காட்டிய காரணம். "நீ சோம்பேறி" என்றால் மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பான். "அந்தக் கடையில ஸ்டாக் பார்க்காமலே ஆர்டர் கேட்டே" என்றால் அடுத்த கடையில் அலமாரியைப் பார்ப்பான்.

பொது வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியாக வேண்டியவை உண்டு: புதுப் பொருள் விவரம், விலை மாற்றம், மருந்திலும் இன்ஷூரன்ஸிலும் சட்டப்படி எதைச் சொல்லக் கூடாது என்பது. அதை ஹாலில் சொல்லுங்கள், அரை நாளில் முடித்து அனுப்புங்கள். ஒரே பாஷை என்று அவர்கள் கேட்பது அதற்குமேல் தேவைப்படாது.

கம்பெனி அனுப்பாமல் சொந்தக் காசு கட்டிப் போகிறவர்கள் நிலைதான் பரிதாபம். பத்தாயிரம், இருபதாயிரம் என்று கட்டுவதற்கு முன், போன மாதம் நழுவிய விற்பனைகளில் சிலவற்றை எடுத்து எங்கே நழுவின என்று எழுதிப் பாருங்கள். பேச ஆளே கிடைக்கவில்லையா, கிடைத்தவர் விலை கேட்டதும் ஓடினாரா, யோசித்துச் சொல்கிறேன் என்றவரை நீங்கள் மறுபடி கூப்பிடவே இல்லையா? எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் உங்களுக்கு வேண்டிய பாடம் அதுதான். அந்தத் தாளோடு பயிற்றுநரிடம் போங்கள். அவர் கடைசியாக எதை, யாருக்கு விற்றார் என்று கேளுங்கள். வகுப்பை விற்றதைத் தவிர வேறு பதில் வராவிட்டால் யோசியுங்கள். நீங்கள் பேசுவதை அவர் கேட்பாரா, அவர் பேசுவதை நீங்கள் கேட்பது மட்டும்தானா என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பாரா என்றும் கேளுங்கள். உங்கள் வகுப்பு யாருக்கு ஒத்துவராது என்ற கேள்வியைக் கடைசியில் போடுங்கள். எல்லோருக்கும் ஒத்துவரும் என்று பதில் வந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

நேர்மையாகப் பதில் சொல்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஒரு கம்பெனி கூப்பிட்டனுப்பிய பயிற்றுநர் ஒருவர், கொட்டேஷன் கொடுப்பதற்கு முன் லைனில் இரண்டு நாள் நடந்துவிட்டு வருகிறேன் என்றார். நடந்துவிட்டு வந்து, பாதிப் பேருக்குப் பயிற்சி தேவையில்லை, நிலுவையில் இருக்கிற க்ளெய்மை முடியுங்கள், மீதிப் பேரில் ஆளுக்கொன்று இன்னின்ன குறை, அதை உங்கள் ஏரியா மேனேஜர்களுக்கே சொல்லித்தருகிறேன் என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் எந்த ஃபைலுக்குள் போனதோ தெரியவில்லை. அந்த வருடம் வகுப்பு எடுத்தவர் வேறொருவர். சவுண்ட் சிஸ்டம் அவரே கொண்டுவந்தார்.